மாவுக்காரி வீட்டு சிங்க்

உறையூரில் 19 வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். நாளைக்கு 8 கிலோ அரிசி. வெள்ளி, சனி என்றால் 12. இரண்டு கிரைண்டர், ஆறு பெரிய தூக்குகள், உளுந்து ஊறும் அண்டா என்று எல்லாவற்றையும் கழுவுவது ஒரே சிங்க்கில். தெருவில் மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் அடைப்பு எனக்கு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு முந்தைய இரவு சிங்க் விளிம்புவரை நிரம்பி நின்றுவிட்டது. தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. அன்றைக்கு அரைத்தது 20 கிலோ. பதற்றத்தில் ஒரு குண்டான் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். அசையவில்லை. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளை ஒரு பாக்கெட் போட்டேன். அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. தண்ணீர் கலங்கியதே தவிர இறங்கவில்லை. இரண்டு நாள் பாத்திரமெல்லாம் கொல்லையில் அடிபம்படியில்.

பண்டிகை முடிந்த மறுநாள் பிளம்பர் தம்பி வந்தார். வந்தவர் குழாயைத் தொடவில்லை. “உள்ளே என்னம்மா ஊற்றினீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, நின்ற தண்ணீரைப் பிளாஸ்டிக் குவளையால் மெதுவாக மொண்டு எடுத்தார். பிறகு கீழே உட்கார்ந்து குழாயைக் கழற்றி ஒரு குலுக்குக் குலுக்கினார். செய்தித்தாளில் பொத்தென்று ஒன்று விழுந்தது. ஒரு சாண் நீளம். குழாயின் நெளிவுகள் வளையம் வளையமாக மேலே பதிந்திருந்தன. வெளிப்புறம் கண்ணாடி போலப் பளபளப்பு, பிய்த்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை. நடுவில் ஒரு புளியங்கொட்டை, இரண்டு கறிவேப்பிலை ஈர்க்கு, கொஞ்சம் தேங்காய் நார்.

“இது அடைப்பு இல்லை அம்மா, கூழ். நீங்களே காய்ச்சி வைத்திருக்கிறீர்கள்” என்றார்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் போடக் கூழ் கிளறுகிறவள் நான். அரிசி மாவில் கொதிநீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஊற்றினேன். அரிசி மாவு 60, 70 டிகிரிச் சூட்டிலேயே தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பசையாகிவிடும். மேலே போட்ட தூளில் இருப்பது காஸ்டிக் சோடா. அது பச்சைத் தண்ணீரிலேயே மாவைப் பசையாக்கக்கூடியது. அதாவது, தளர்வாகக் கிடந்த மாவுச் சேற்றை நானே இரண்டு தரம் வேக வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பிளம்பரைக் கூப்பிட வேண்டிய அவசியம் ஒரே ஒரு முறைதான் வந்தது. நான் இப்போது செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் எதையும் ஊற்றுவதில்லை. அடைப்பு எந்த இடத்தில் என்று பார்க்கிறேன். சிங்க்கின் வாயில் சல்லடை, அதன் கீழே கப்ளிங் என்கிற எஃகுக் கிண்ணம், அதிலிருந்து தொங்கும் வெள்ளை நெளிகுழாய், அது போய்ச் செருகியிருக்கும் சுவர்க் குழாய் அல்லது தரைக் குழாய், கடைசியில் வீட்டுக்கு வெளியே மூடி போட்ட சின்னத் தொட்டி. தண்ணீர் போகும் பாதை இவ்வளவுதான். சிங்க் நிரம்பி நிற்கும்போது வெளியே போய் அந்த மூடியைத் திறந்து பாருங்கள். தொட்டியும் நிரம்பியிருந்தால் கோளாறு அதற்கு அப்பால். சமையலறைக் குழாயைக் கழற்றுவது வீண் வேலை. தொட்டியில் தண்ணீர் எப்போதும் நிற்கும் மட்டத்திலேயே இருந்தால், அடைப்பு சிங்க்குக்கும் தொட்டிக்கும் இடையில். அடுத்து, நின்ற தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டுக் குவளை குவளையாக ஊற்றிப் பாருங்கள். முதல் இரண்டு குவளையிலேயே எதிர்த்து ஏறினால் அடைப்பு கப்ளிங்கிலோ நெளிகுழாயிலோ இருக்கிறது. அரை வாளி அமைதியாக இறங்கி அதன் பிறகு ஏறினால் அது சுவருக்குள் இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நீங்கள் குழாயைத் திறக்காத நேரத்தில் உங்கள் சிங்க்கில் தண்ணீர் தானாக ஏறுகிறதா? அது உங்கள் வீட்டு அடைப்பே அல்ல. மாடியிலிருந்து வரும் பொதுக் குழாயில் இருக்கிறது. மேல் வீட்டாரிடம் கொஞ்ச நேரம் குழாயை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள். உங்கள் கை அங்கே எட்டாது.

அடுத்தது, அடைத்திருப்பது எண்ணெயா மாவா என்று தெரிய வேண்டும். சல்லடையின் நடுத்திருகைக் கழற்றி, முனையை வளைத்த கம்பியால் கொஞ்சம் வழித்து எடுங்கள். கையுறையோடு விரலில் தேய்த்தால் தெரிந்துவிடும். வழுவழுவென்று, சிக்கு வாடையோடு, வெந்நீரில் உருகினால் அது எண்ணெய். நறநறவென்று, புளித்த வாடை அடித்தால் மாவு. எண்ணெய்க்கு வெந்நீர், மாவுக்குப் பச்சைத் தண்ணீர். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழியில் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழாய்க்குள்ளும் அதேதான் நடக்கிறது. வெந்நீர் என்றால் கொதிக்கும் நீர் வேண்டாம். நெளிகுழாயும் பிவிசி குழாயும் 70, 80 டிகிரிச் சூட்டில் இளகிவிடும். கை பொறுக்காத அளவு சூடு போதும். இரண்டும் கலந்து கிடந்தால், மாவாகவே கருதிப் பச்சைத் தண்ணீரோடு வேலையைத் தொடங்குவது நல்லது.

இனி பம்ப். ரப்பர் கிண்ணமும் பிடியும் உள்ள அந்தப் பொருளை எல்லோரும் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கிண்ணம் மூழ்கும் அளவுக்கு, இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் சிங்க்கில் நிற்க வேண்டும். காற்றை அழுத்திப் பயனில்லை. விளிம்பில் கொஞ்சம் வேசலின் தடவினால் நன்றாகப் பிடிக்கும். சிங்க்கின் பக்கச் சுவரில் மேலே ஒரு துளை இருந்தால் ஈரத் துணியால் இறுக அடைத்துவிடுங்கள். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் மற்ற வாயையும் அடைக்க வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாக. பிறகு கிண்ணம் வாயை விட்டு எழும்பாமல் 15, 20 முறை ஏற்றி இறக்குங்கள். அழுத்துவதைவிட மேலே இழுப்பதில்தான் பலன் அதிகம். கெட்டிப்பட்ட அடைப்பு இழுவையில்தான் அசைகிறது. நம் வீடுகளில் இன்னொரு சிக்கல்: நெளிகுழாயின் கீழ் முனை பெரும்பாலும் தரைத் துளையில் சும்மா செருகித்தான் இருக்கும். மேலே பலமாக அழுத்தினால் அது பிடுங்கிக்கொண்டு, அடுப்பங்கரை முழுக்கச் சாக்கடை. ஈரச் சாக்கை அந்த இணைப்பில் சுற்றி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் வீட்டில் அந்த வேலை என் மருமகனுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடிப்பார்.

நாலு தரம் இப்படிச் செய்தும் இறங்கவில்லையா? கழற்ற வேண்டியதுதான். பயப்பட ஒன்றுமில்லை. கீழே இருக்கும் டப்பாக்களை எல்லாம் வெளியே எடுங்கள், வாளியை நேர் கீழே வையுங்கள், டார்ச்சைப் பக்கத்தில் வையுங்கள். கப்ளிங்கோடு குழாய் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நட்டு இருக்கும். படுத்துக்கொண்டு மேலே பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். மேலிருந்து குனிந்தபடி யோசித்தால் திசை மாறிவிடும். எத்தனையோ நட்டு இப்படித்தான் இறுகி உடைகிறது. வெறும் கையால் வரவில்லை என்றால் துணியைச் சுற்றித் திருகுங்கள். நட்டுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதை கழற்றும்போதே மனதில் வையுங்கள், அல்லது செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வாளித் தண்ணீரோடு அந்த வாஷரையும் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

கழற்றிய குழாயைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள். முதல் தடவை நான் அதை அதே சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறந்தேன். காலில் சில்லென்று பட்ட பிறகுதான் கீழே குழாயே இல்லை என்பது உறைத்தது. சிரிக்காதீர்கள், நீங்களும் செய்வீர்கள். நெளிவுகளுக்குள் படிந்த மாவுக்குப் பாட்டில் கழுவும் நீளமான பிரஷ் நல்லது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளையாக ஓடு கட்டியிருந்தால் கழுவி மாளாது, புதுக்குழாய் மாற்றிவிடலாம். மலிவான பொருள்தான். மாற்றும்போது தேவையான நீளத்துக்கு மட்டும் வாங்குங்கள். நீளக் குழாயைப் பாம்பு போலச் சுருட்டிவிட்டால் தொய்கிற ஒவ்வொரு இடத்திலும் மாவு தங்கும். ஆனால் ஒரு வளைவு வேண்டும். அதில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கிறது. எனக்குப் பிளம்பர் தம்பி நெளிகுழாயை எடுத்துவிட்டு, உள்ளே வழவழப்பாக இருக்கும் கிண்ண வடிவ பாட்டில் டிராப் போட்டுத் தந்தார். அடியில் உள்ள மூடியைத் திருகினால் கசடு மொத்தமும் கையில் வந்துவிடுகிறது. மாதம் ஒரு முறை திறக்கிறேன். ஐந்து நிமிட வேலை.

குழாய் சுத்தம், ஆனாலும் தண்ணீர் போகவில்லை என்றால் சுவருக்குள் சுருள் கம்பி விட வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் ஐந்து மீட்டர் அளவில் கிடைக்கிறது. நெளிகுழாய் வழியாக விடாதீர்கள், கிழிந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு நேரே சுவர்க் குழாயில் விடுங்கள். தள்ளிக்கொண்டே ஒரே திசையில் சுழற்ற வேண்டும். முட்டி நின்றால் பலம் காட்டாமல் அங்கேயே சுழற்றுங்கள். முனை கசடைக் கவ்விக்கொள்ளும். இழுங்கள், துடையுங்கள், மறுபடி விடுங்கள். திடீரென்று கம்பி வழுக்கிக்கொண்டு போகும்போது தெரியும், வழி திறந்துவிட்டது. உடனே ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள், ஒருவர் வெளியே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வெளியே வந்து விழும் கசடை அகப்பையால் அள்ளிக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் தள்ளினால் அடுத்த வீட்டுக்குப் போகும்.

எதிர்வீட்டுப் பெண் ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்கிறாள். நுரைத்துப் பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. வாடை போக உதவலாம். கெட்டி அடைப்பிடம் அது செல்லாது.

தூளை நான் இப்போது வாங்குவதே இல்லை. தண்ணீர் மெதுவாகவாவது இறங்குகிற எண்ணெய் அடைப்புக்கு அது வேலை செய்யும் என்பது உண்மைதான். காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக மாற்றிக் கழுவிவிடும். தண்ணீர் அறவே நின்றுபோன சிங்க்கில் போட்டால் அங்கேயே கிடந்து கொதித்துக் குழாயை இளக்கும். போடுவதென்றால் பாக்கெட்டில் சொன்ன அளவு, கையுறை, கண்ணுக்கு மறைப்பு, சன்னல் திறப்பு. போட்ட பிறகு பம்ப் அடிக்கக் கூடாது. தெறித்தால் கண் போய்விடும். அதன் மேல் ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரையோ ஊற்றவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கத்தில் வேண்டாம். தோலிலோ கண்ணிலோ பட்டால் 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிளம்பர் வந்தால், அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

என் அம்மா வீட்டில் சிங்க் கிடையாது, அடைப்பும் கிடையாது. அரிசி களைந்த தண்ணீர், வடிகஞ்சி, மாவுப் பாத்திரம் அலசியது எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும். பானை மாட்டுக்குப் போகும். என்னிடம் மாடில்லை, பானைக்குப் பதில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். கிரைண்டரின் முதல் அலசலும் தூக்கின் முதல் அலசலும் அந்த வாளியில்தான். ஒரு மணி நேரத்தில் மாவு அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும், அடிக்கசடு தெருமுனையில் மாடு வைத்திருப்பவருக்கு. வடைச் சட்டியைச் செய்தித்தாளால் துடைத்த பிறகே சிங்க்கில் வைக்கிறேன். மாதம் தவறாமல் வந்த அடைப்பு இந்த வாளி வந்த பிறகு நின்றுபோனது.

குழாயை மாட்டும்போது வாஷரை நனைத்து, நட்டைக் கையால் இறுகும்வரை மட்டும் திருகுங்கள். ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். ஒரு வாளித் தண்ணீரை விட்டுப் பார்த்த பிறகும் டப்பாக்களை உடனே உள்ளே வைக்காதீர்கள். இணைப்புக்கு நேர் கீழே உலர்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அதில் ஒரு காசளவு ஈரம் இருந்தாலும் நட்டை இன்னும் கால் சுற்று.