மாங்காய் ஜாடி, ஜவ்வரிசி வடகம்: ஈரத்தில் கோட்டை விடும் இடங்கள்

போன வருடம் சித்திரையில் அயோத்தியாப்பட்டணத்துத் தோப்பிலிருந்து வந்த ஒரு கூடை நாட்டு மாங்காயை நானும் சித்தியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன், சித்தி ஏற்காட்டில். இரண்டு பேருமே அம்மாயி சொன்ன அளவில், அவர் சொன்ன பக்குவத்தில்தான் ஊறுகாய் போட்டோம். ஆடி பிறக்கும்போது என் ஜாடி நன்றாக இருந்தது. சித்தியின் ஜாடியில் மேலாக வெள்ளைப் பூஞ்சை. "என் கைராசி அவ்வளவுதான் கண்ணு" என்று வருத்தப்பட்டார்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் சுள்ளென்று அடிக்கிற வெயில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கியதும் காணாமல் போய்விடும். மாங்காய்த் துண்டு மேலே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். அம்மாயி சொன்ன "மூணு நாள் வெயில்" சேலத்து மொட்டை மாடிக் கணக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அந்தக் கணக்கு செல்லாது. மலையில் இருப்பவர்கள் மாங்காயைத் துருவி நல்லெண்ணெயில் தொக்காகக் கிளறுவதே மேல். வெயில் இழுக்க வேண்டிய தண்ணீரை அடுப்பு இழுத்துவிடும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வந்தால் போதும்.

சேலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் நாம் வேறு வழியில் ஈரத்தை உள்ளே விடுகிறோம். மாங்காயைக் கழுவிய கையோடு அரிவாள்மனையில் உட்கார்வது முதல் தவறு. கழுவி, பழைய வேட்டியில் ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் பரப்பி, காம்புக்குழியில்கூட ஈரமில்லை என்று பார்த்த பிறகு வெட்ட வேண்டும். ஓட்டோடு வெட்டினால் ஓட்டின் உள்பக்கம் மெல்லிய காகிதம் போல ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை நகத்தால் உரித்து எடுங்கள். அதற்கடியிலும் ஈரம் தங்கும். கல்லுப்பையும் அப்படியே போடக்கூடாது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து ஆற விட்டுப் பொடிக்க வேண்டும்.

ஜாடியில் பலரும் ஏமாறுகிறோம். நன்றாகக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காய வைத்து, சூடு ஆறும் முன்பே ஊறுகாயைப் போட்டு மூடிவிடுவோம். மறுநாள் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். அந்த நாலு சொட்டு போதும். வெயிலில் வைத்த துண்டுகளும் முழுக்க ஆறிய பிறகே ஜாடிக்குள் போக வேண்டும். பாத்திரம் பீங்கானோ கண்ணாடியோ இருக்கட்டும். அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கும் உப்புக்கும் ஆகாது.

இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிற இன்னொரு தவறு, பிரஷருக்குப் பயந்து ஊறுகாயில் உப்பைக் குறைப்பது. அக்கறையோடுதான் செய்கிறோம், ஆனால் ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டும் இல்லை. துண்டுக்குள் இருக்கும் தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் கட்டிப்போடுவதே அதுதான். வெளியில் வைக்கிற ஊறுகாய்க்கு ஒரு கிலோ மாங்காய்க்கு 150 முதல் 200 கிராம் உப்பு தேவை. அதைப் பாதியாக்கினால் ஜாடி கெடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. 10 கிராம் துண்டு ஒன்றிலேயே உப்பு ஒன்றரை கிராம் பக்கம் வந்துவிடும். ஆகவே குறைக்க வேண்டியது தட்டில் வைக்கிற அளவை. குறைந்த உப்பில்தான் வேண்டும் என்றால் கால் கிலோவாகப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

எண்ணெய் துண்டுகளுக்கு மேலே நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண்ணெய் கிருமியைக் கொல்வதில்லை, காற்றை மட்டுமே தடுக்கிறது. மாங்காயில் புளிப்பு இருப்பதால் நாம் தப்பிக்கிறோம். பச்சைப் பூண்டை உரித்து வெறும் எண்ணெயில் போட்டு வெளியில் வைப்பது உண்மையிலேயே ஆபத்தானது. போட்டுலினம் கிருமி காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும். வாடையோ நிறமோ மாறாமலேயே விஷத்தை உண்டாக்கிவிடும். பூண்டு ஊறுகாய்க்கு எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ தாராளமாகச் சேருங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் பூஞ்சை. மேலாக வழித்து எறிந்துவிட்டு, எண்ணெய் காய்ச்சி ஊற்றி, "ஒண்ணும் ஆகாது" என்று பரிமாறுகிற வீடுகள் நிறைய. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் மேல்பாகம் மட்டும்தான், அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சில பூஞ்சை விஷங்கள் கொதிக்க வைத்தாலும் போகாது. சித்தி அந்த ஜாடியை முழுக்கக் கொட்டினார். அரைக் கூடை மாங்காய், மூன்று நாள் உழைப்பு, மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. கொட்டியதுதான் சரி.

வடகத்துக்கு வருவோம். ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் வடகம் பொரியாமல் கல் மாதிரி நிற்கிறது என்று வருடா வருடம் யாராவது சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஜவ்வரிசி வேகவில்லை. இரவே ஊற வைத்து, காலையில் அடிபிடிக்காமல் கிளறி, உருண்டையின் நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடி போல ஆகும்வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது. ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே இன்னும் நேரம் பிடிக்கும். கூழை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது உப்பு சரியாக இருந்தால் அது அதிகம் என்று அர்த்தம். தண்ணீர் வற்றினதும் உப்பு தூக்கிவிடும். கூழில் சற்றுச் சப்பென்று இருக்கட்டும்.

ஒரு நாள் வெயிலில் துணியை விட்டு உரிந்துவிட்டது என்று டப்பாவில் அடைத்துவிடாதீர்கள். துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்துத்தானே உரிக்கிறோம், அந்த ஈரமும் காய வேண்டும். உரித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு நாள் காய விடுங்கள். தட்டைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், ஒடித்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். நடுவில் கோடை மழை பிடித்துக்கொண்டால் ஈர வடகத்தைக் குவித்து மூடி வைக்காமல், ஃபேனுக்குக் கீழே தனித்தனியாகப் பரப்பி, மறுநாள் முதல் வெயிலுக்கே மாடிக்கு ஏற்றிவிடுங்கள். சித்தியிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தச் சித்திரைக்கு ஜவ்வரிசியை மூட்டை கட்டிக்கொண்டு நம் வீட்டு மாடிக்கே வருகிறாராம்.