வைஃபை தடுமாறும்போது செய்ய வேண்டியவை

இணைய நிறுவனத்தைக் குறை கூறுவதற்கு முன் ரூட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்புறமோ அதை மறைத்து வைப்பதுதான், என் கருத்தில், மிகப் பெரிய தவறு. வீட்டின் நடுவே, உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது என்றாலும் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும் என்பதால், தொலைவிலுள்ள அறைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பையே தேர்ந்தெடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அது ஓடும் சில நிமிடங்களில் இந்த இணைப்பு தடுமாறக்கூடும்; அதற்காக ரூட்டரை மாற்ற வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு அலைகளும் குறுக்கிடும் என்பதால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில், ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்ததை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்தில் இருக்கும் கணினிக்குக் கேபிள் இணைப்பே சிறந்தது.