பப்பில் டிரம்ஸ் வாசிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்போர்ன் பப் ஒன்றில் என் முதல் இரவு. இரண்டாவது பாட்டின் நடுவே காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம் மெல்ல முன்னால் நகர ஆரம்பித்தது. நானும் காலை நீட்டி நீட்டி பெடலைத் துரத்தினேன். பாட்டு முடிந்தபோது ஸ்டூலின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய கார்பெட் துண்டைக் கையோடு கொண்டுபோய் அடியில் விரித்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. ஸ்டாண்டுகளின் கால் நிற்கும் இடங்களை அதன் மேல் டேப்பால் குறித்து வைத்தால், அடுத்த முறை செட்டை அடுக்குவதும் சுலபம்.

இது சின்னத் தவறு. பெரியது, அறையைக் கவனிக்காமல் அடித்தது. ஆஸ்திரேலியாவின் பழைய பப்கள் பலவற்றில் சுவரெல்லாம் டைல்ஸ். மாலை 6 மணிக்கே பார்களை மூட வேண்டும் என்ற சட்டம் 1916 முதல் சில மாநிலங்களில் இருந்தது. விக்டோரியாவில் 1966 வரை நீடித்தது. வேலை விட்டு ஓடி வந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் அவசர அவசரமாகக் குடித்துச் சிந்தியதைக் கழுவிவிட டைல்ஸ்தான் வசதி. சட்டம் போய்விட்டது, டைல்ஸ் போகவில்லை. ஏசி/டிசி, கோல்ட் சிசல், மிட்நைட் ஆயில் எல்லாம் எழுபதுகளில் இப்படிப்பட்ட பப்களில் வாசித்து வளர்ந்த ராக் குழுக்கள்.

டைல்ஸில் பட்ட சிம்பலின், அதாவது உலோகத் தட்டின், சத்தம் அடங்காது, திரும்பி வந்து காதில் குத்தும். கராஜில் பழகிய அதே பலத்தில் நான் அடிக்க, எனக்கு முன்னால் நின்ற பாடகரின் மைக்கில் அவர் குரலைவிட என் சிம்பல்தான் அதிகம் ஏறியது. குரலைக் கூட்டினால் சிம்பலும் கூடவே கூடும். சவுண்ட் பார்ப்பவர் என்னதான் செய்வார், பாவம்? முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேரையும் பேஸ் டிரம்மையும் அழுத்தி அடியுங்கள், சிம்பலை லேசாகத் தொட்டால் போதும். மெல்லிய 7ஏ குச்சி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

காலி அறையில் சவுண்ட் செக் செய்துவிட்டு ஏமாறவும் கூடாது. ஸ்னேர் ரீங்கரிக்கிறதே என்று நான் டேப்பாக ஒட்டித் தள்ளினேன். கூட்டம் நிறைந்ததும் ஆட்களும் உடைகளும் சத்தத்தைக் குடித்துவிட, அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஆகிவிட்டது.

அப்புறம் வேகம். பாட்டைத் தொடங்க டிரம்மர் பதற்றத்தில் எண்ணும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எப்போதும் அவசரப்படும். பல்லவியை மனதுக்குள் ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு எண்ணுங்கள். வித்தை காட்டும் ஆசை வந்தால் ஏசி/டிசியின் டிரம்மர் ஃபில் ரட் வாசிப்பைக் கேளுங்கள். அந்த மனிதர் மடமடவென்று அடுக்கி அடிக்கும் ரோல்களே அதிகம் போடமாட்டார். ஆனால் கேட்பவர் கால் தானாக ஆடும்.

காதைப் பற்றி நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பப் மேடையில் அது முதல் மூன்று நான்கு பாட்டிலேயே தீர்ந்துவிடும். ஜோடித் தட்டுகளான ஹை-ஹாட் இருக்கும் பக்கமான என் இடது காதில் இன்றும் இரைச்சல் இருக்கிறது. நுரைக் காதடைப்பான் ஒரு கிளாஸ் பியரைவிட மலிவு.

வாசித்து முடித்ததும் மேடையில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் கழற்றாதீர்கள், அடுத்த குழு காத்திருக்கும். அப்படியே கீழே இறக்கி, ஓரமாக வைத்துக் கழற்றுங்கள். ஆனால் சில்லறைச் சாமான்களை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை அவசரத்தில், மேல் தட்டைக் கம்பியில் பிடித்து வைக்கும் ஹை-ஹாட் கிளட்ச்சை விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் வேறு ஊரில், மேல் தட்டு கீழ்த் தட்டின் மேல் சும்மா படுத்துக் கிடக்க, இரண்டு மணி நேரம் சமாளித்தேன்.