பூசணியை இப்போதே வெட்டாதீர்கள்: ஹாலோவீன் வேலைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

போன சனிக்கிழமை எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு இளம் தம்பதியைப் பார்த்தேன். ஊரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு இதுதான் முதல் ஹாலோவீன். கார் டிக்கியில் நாலு பெரிய பம்ப்கின். "சாயந்திரமே வெட்டப் போறோம் அக்கா, பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார் அந்தப் பெண். முகமெல்லாம் சந்தோஷம். அக்டோபர் முதல் வாரம்தான் நடக்கிறது, பூசணியில் முகம் செதுக்கி வாசலில் விளக்கு வைத்து, பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீனோ 31ஆம் தேதி. நான் அங்கேயே நிறுத்திவைத்து அரை மணி நேரம் பேசிவிட்டேன், பாவம், அவர்களுக்குக் குளிரில் கால் கடுத்திருக்கும். ஆனால் அதே தவறை நான் பதினெட்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு செய்திருக்கிறேன், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த வேலைகளைச் செய்துவருகிறேன். மேசையில் பேப்பர் விரியுங்கள், சின்னக் குழந்தை கையில் கத்தி கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சீக்கிரமே வெட்டிவிடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016இல் தீபாவளி அக்டோபர் 29, சனிக்கிழமை. ஹாலோவீன் அதற்கடுத்த திங்கள். கடைசி வார இறுதி முழுக்க தீபாவளிக்குப் போய்விடும், அதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளின் நடன ஒத்திகை, எனவே பூசணி செதுக்குவதை 15ஆம் தேதியே முடித்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பண்ணைக்குப் போய் பதினெட்டு பம்ப்கின் வாங்கினோம், ஒன்று ஒன்பது டாலர். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செதுக்கினோம். அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்த்தால் இப்போதும் மனது நிறையும், ஒவ்வொரு பிள்ளையும் தன் பூசணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அடுத்த வாரம் வெயில் அடித்தது பாருங்கள், அக்டோபர் என்று சொன்னால் நம்ப முடியாது. நாலாம் நாள் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. ஆறாம் நாள் அது கறுத்து மயிர் மயிராக நின்றது. கண்ணும் வாயும் உள்ளே மடிந்து எல்லா முகமும் பொக்கை வாய்ப் பாட்டி முகம் ஆயிற்று. பத்தாம் நாள் தூக்கலாம் என்று கையை வைத்தால் கை உள்ளே போகிறது, அடிப்பாகம் கூழாகிவிட்டது. கொசு மாதிரிச் சின்ன ஈக்கள் வீடு முழுக்க. ஒரு குடும்பம் வாடகை வீட்டு மரத் தளத்தில் வைத்திருந்தார்கள், அந்தக் கறை போகவே இல்லை, காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். சரி, வேறு வாங்கலாம் என்று 30ஆம் தேதி பண்ணைக்குப் போனால், அடிபட்டதும் அழுகியதும்தான் மிச்சம். 31ஆம் தேதி இரவு எல்லார் வீட்டு வாசலிலும் விளக்கு எரிகிறது, என் மகள், அப்போது ஐந்து வயது, "நம்ம நிலாப் பூசணி எங்கேம்மா?" என்று கேட்டாள். அவள் அதில் பிறை வரைந்திருந்தாள். காசு போனதை மறந்துவிட்டேன், அந்தக் கேள்வி மறக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் முன்கூட்டியே வெட்ட மனசு வராது. பூசணிக்குத் தோல்தான் கவசம். வெட்டாமல், காம்பு உடையாமல், உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம்கூடத் தாங்கும். நம் பாட்டிகள் பரணில் போட்டு வைக்கவில்லையா! உள்ளே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தோலைத் திறந்த நிமிஷமே காற்றில் இருக்கும் பூஞ்சை அந்த ஈரச் சதையில் வந்து உட்கார்ந்துவிடும். வெளியே காய்ந்து சுருங்கும், உள்ளே அழுகும். அதற்குள் மெழுகுவத்தி வேறு ஏற்றினால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைக்கிற மாதிரிதான்.

ப்ளீச் தண்ணீரில் முக்கினால் போதும், வெட்டின இடத்தில் வாசலின் தடவினால் போதும் என்று வருஷா வருஷம் யாராவது சொல்வார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு மேசைக் கரண்டி ப்ளீச் கலந்து, பெரியவர்கள் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு, செதுக்கிய பூசணியை முக்கி எடுத்து நன்றாகக் காயவைத்தால் பூஞ்சை கொஞ்சம் தள்ளிப்போகும். வாசலின் தடவினால் ஓரம் சுருங்குவது குறையும். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டு வாரம் கிடைக்காது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள், அது பற்றி எரியும் பொருள்.

எனக்கு எரிச்சல் வருவது எதற்கென்றால், இவ்வளவு சொன்ன பிறகும், "இந்த ஒரு வீக்எண்ட்தான் ஃப்ரீயா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய் வெட்டுகிறவர்கள். வார இறுதிக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரு பூசணி செதுக்க ஒன்றரை மணி நேரம் போதும். 29ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்யலாம், 30ஆம் தேதி பள்ளி விட்டு வந்ததும் செய்யலாம். வீட்டுப்பாடம் ஒரு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது.

அதுவரை பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது? வண்ணம் தீட்டவிடுங்கள். பூசணியை ஈரத் துணியால் துடைத்து, முழுக்கக் காயவைத்து, அக்ரிலிக் பெயின்ட் கொடுத்தால் போதும். மூன்று வயதுக் குழந்தையும் தானே செய்யலாம், கத்தியே வேண்டாம், நவம்பர் நாலாம் வியாழன் வருகிற தாங்க்ஸ்கிவிங் வரை அப்படியே இருக்கும். இதைச் செய்யும்போதுதான் பிள்ளைகளுக்குத் திருஷ்டிப் பூசணியைக் காட்டுவேன். கட்டுகிற வீட்டின் முன்னால் தொங்குமே, முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்து, அதுதான். அயர்லாந்தில் தீய ஆவியை விரட்ட டர்னிப் கிழங்கில் முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள், அமெரிக்கா வந்த பிறகு இங்கே விளைகிற பெரிய பூசணி கைக்கு வாகாக இருந்ததால் அதற்கு மாறினார்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும். எங்கள் மேசையில் பாதிப் பூசணிக்கு இப்போது மீசை உண்டு.

மேலே மூடியை நேராக வெட்டுவது

செதுக்கும் நாள் வந்ததும் நடக்கும் தவறு இது. கத்தியைச் செங்குத்தாக இறக்கி மூடி வெட்டினால், மூடி உள்ளே விழுந்துவிடும். கத்தியை நடுவை நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், மூடி கிண்ணத்தில் தட்டு உட்கார்ந்த மாதிரி உட்காரும். பேட்டரி விளக்கு வைக்கப்போகிறீர்கள் என்றால் மூடியே வேண்டாம், அடியில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு விளக்கின் மேல் கவிழ்த்து வையுங்கள், நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

சமையலறைக் கத்தி முகம் செதுக்க ஆகாது. நீளமாக இருக்கும், சதையில் மாட்டிக்கொள்ளும், இழுக்கும்போது கை அறுபடும். கடையில் ஐந்தாறு டாலருக்குச் சின்ன ரம்பம் மாதிரி ஒன்று விற்கும், அதுதான் சரி. அதற்கு முன்னால் முகம் வரப்போகும் பக்கத்தை உட்புறமாகச் சுரண்டி, சுவர் ஒரு அங்குலம் இருக்கும்படி செய்துவிட்டால் ரம்பம் வெண்ணெயில் போகிற மாதிரிப் போகும். சுரண்டுகிற வேலை பிள்ளைகளுக்கு, ஐஸ்கிரீம் கரண்டி கொடுங்கள். படத்தைத் தாளில் வரைந்து பூசணியில் ஒட்டி, கோடு நெடுக ஊசியால் குத்திவிட்டுத் தாளை எடுத்தால் கோலப் புள்ளி மாதிரி வரிசையாகத் தெரியும். அதைச் சேர்த்து வெட்டுவது பெரியவர்கள் வேலை.

செதுக்கிய பூசணியில் சாம்பார்

ருசி இருக்காது. செதுக்கவென்று வளர்க்கும் ரகம் நார் நாராக, தண்ணியாக இருக்கும். சமைக்க வேண்டுமென்றால் கடையில் அதற்குப் பக்கத்தில் சின்னதாக உருண்டையாக இருக்கும் 'பை பம்ப்கின்' (pie pumpkin) என்ற ரகத்தை வாங்குங்கள். விதையை மட்டும் விடாதீர்கள். அலசி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, வடித்துத் துடைத்து, எண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம் போட்டுப் பிசிறி, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருபது நிமிஷம் ஓவனில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் சவசவ என்று ஆகிவிடும்.

தண்ணிக் கஞ்சியில் துணிப் பேய்

பழைய மெல்லிய வேட்டித் துண்டைக் கஞ்சியில் முக்கி, பாட்டில் மேல் வைத்த பலூனில் போர்த்திக் காயவைத்தால், பலூனை உடைத்த பிறகும் பேய் தானே நிற்கும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த வேலை எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் வேட்டிக்குப் போடுகிற கஞ்சிப் பதத்தில் போட்டால் நிற்காது, தொய்ந்து விழும். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசைப் பதத்தில் காய்ச்ச வேண்டும். பாட்டிலுக்கும் பலூனுக்கும் முதலில் பிளாஸ்டிக் தாள் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பிரிக்கும்போது பேய் கிழியும். முழுசாக ஒரு நாள் காயட்டும், நடுவில் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

போலிச் சிலந்தி வலை

வெளியே செடியிலும் மரத்திலும் போடாதீர்கள். குருவி சிக்கிக்கொள்ளும்.

கிளிட்டர் என்கிற மினுமினுப்புத் தூள்

வேண்டாம்.

காஸ்ட்யூமைச் சரியான அளவில் வாங்குவது

ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். அக்டோபர் கடைசியில் இங்கே இரவு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம், கடையில் வரும் உடுப்போ காகிதம் மாதிரி மெல்லிசு. பெரிதாக இருந்தால் உள்ளே ஸ்வெட்டர் போடலாம். இல்லாவிட்டால் நாலாவது வீட்டிலேயே மேலே ஜாக்கெட் போட்டு மூட வேண்டி வரும், அத்தனை நாள் ஆசையாகப் பார்த்து வைத்த உடுப்பை யாரும் பார்க்காமல் போனால் பிள்ளை அழத்தான் செய்யும். நீளம் மட்டும் கணுக்காலோடு நிற்கட்டும், மிச்சத்தை மடித்துத் தைத்துவிடுங்கள்.

முகமூடி பாதிப் பார்வையை மறைத்துவிடும், இருட்டில் படியேறும் பிள்ளைக்கு அது ஆபத்து. முகத்தில் வண்ணம் பூசுவது நல்லது, ஆனால் முந்தின நாளே முன்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். ஒரு தடவை நான் பார்க்காமல் பூசி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கன்னம் முழுக்கத் தடித்துவிட்டது.

கண்ணில் போடும் கலர் லென்ஸ்

மருத்துவர் சீட்டு இல்லாமல் அமெரிக்காவில் அதை விற்பதே சட்ட விரோதம். பதின்வயதுப் பிள்ளை எவ்வளவு கேட்டாலும் வாங்கித் தராதீர்கள், கண்ணே போய்விடலாம்.

சின்னக் குழந்தையைப் பெரிய பிள்ளைகளோடு இருட்டில் அனுப்புவது

31ஆம் தேதி இங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஐந்து மணிக்கே கூட்டிக்கொண்டு கிளம்பி, தெரிந்த நாலைந்து வீட்டோடு முடித்துவிடுங்கள். சில வீடுகளில் கிட்டே போனால் தானே எழுந்து கத்துகிற எலும்புக்கூடு வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றைப் பார்த்துப் பயந்த ஒரு மூன்று வயதுப் பையன் அடுத்த வருஷம் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று நின்றான். வாசல் விளக்கு அணைந்திருக்கும் வீட்டின் கதவைத் தட்டக் கூடாது, அவர்கள் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

மிட்டாய் உறையைப் படிக்காமல் கொடுப்பது

நம் வீடுகளில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ஜெலட்டின். ஜவ்வு மாதிரி இருக்கும் கம்மி மிட்டாய், பஞ்சு மாதிரி இருக்கும் மார்ஷ்மெல்லோ பெரும்பாலானவற்றில் அது உண்டு, அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவக் குடும்பத்துப் பிள்ளை தெரியாமல் தின்றுவிட்டு, பிறகு தெரிந்து வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டிப் பிரித்துவிடுவோம் என்று கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். இன்னொன்று, வேர்க்கடலை ஒவ்வாமை. நீங்கள் கொடுக்கும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் பென்சில், ஸ்டிக்கர், சின்னப் பந்து என்று தின்னாத பொருளை வைத்து, வாசலில் பச்சையும் நீலமும் கலந்த டீல் நிறத்தில் ஒரு பூசணிக்கு வண்ணம் அடித்து வையுங்கள். டென்னசி மாநிலத்தில் தொடங்கி இப்போது பல ஊர்களில் இருக்கிற வழக்கம் அது. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மா தூரத்திலேயே அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு தைரியமாகப் படியேறி வருவார்.

நவம்பர் வந்த பிறகும் வாசலிலேயே விட்டுவைப்பது

செதுக்கியதை 1ஆம் தேதி காலையிலேயே எடுத்துவிடுங்கள், அடியில் ஒரு அட்டையைச் செருகித் தூக்கினால் உடையாது. பேட்டரி விளக்கையும் மெழுகையும் எடுத்துவிட்டு உரக்குழியில் போடலாம். சில பண்ணைகளில் ஆட்டுக்கும் பன்றிக்கும் தீனியாக வாங்கிக்கொள்வார்கள், முதலில் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள், பெயின்ட் அடித்ததைக் கொண்டுபோகாதீர்கள்.

அந்தத் தம்பதி நேற்று படம் அனுப்பியிருந்தார்கள். நாலு பூசணியும் முழுசாக இருக்கின்றன, மூன்றுக்கு மீசை, ஒன்றுக்குப் பொட்டு. செதுக்குவதற்கு ஐந்தாவதாக ஒன்றை 28ஆம் தேதி வாங்கப் போகிறார்களாம்.