கோயில் நூலகத்துக்கு எந்தச் சாமி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ஆட்டத்துக்காக, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற அதன் கற்பனை உலகத்தில் ஒரு கோயில் நூலகம் கட்டினேன், அறிவோடு கொஞ்சம் சம்பந்தம் இருந்தாலே போதும் என்று ஓக்மா, டெனீர், சாவ்ராஸ், கோண்ட், மிஸ்ட்ரா என ஐந்து சாமியையும் உள்ளே உட்கார வைத்துவிட்டேன். சொதப்பல். யார் எதற்கு என்றே ஆடுபவர்களுக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் ஒவ்வொரு சாமிக்கும் இங்கே என்ன வேலை என்று யோசித்தேன். அறிவுக்கு ஓக்மா, எழுத்துக்கு டெனீர், சரி, இரண்டு போதும். வாசலில் ஓக்மாவின் வெற்றுச் சுருள். படியெடுக்கும் மேசைக்கு மேலே டெனீரின் சின்னம், திறந்த கண்ணும் அதன்மேல் எரியும் மெழுகுவத்தியும். மாயத்தோற்றத்தின் தேவதை லெய்ராவை மட்டும் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்தேன்: அவளுடைய பூசாரி ஒருவன் பொய்ப் புத்தகங்களை அலமாரியில் செருகுகிறான். அடுத்த ஆட்டத்தில் அந்த ஒரே அலமாரியை விட்டு யாரும் நகரவில்லை.