குறுக்கே கை நீட்டாதீர்கள்: கேம் செய்ய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் 48 மணி நேர கேம் ஜாம் நடந்தது. வெள்ளி மாலை தலைப்பைக் கொடுப்பார்கள், ஞாயிறு மாலைக்குள் ஆடக்கூடிய ஒரு கேமை முடித்துக் காட்ட வேண்டும். வழிகாட்டியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு குழுவின் கேமை ஆட உட்கார்ந்தேன். இரண்டாம் வருடப் பையன் ஒருவன், கண்ணெல்லாம் சிவந்து, என் நாற்காலியை ஒட்டி நின்றான். கேம் தொடங்கிப் பத்து நொடிகூட ஆகியிருக்காது.

"அக்கா, அந்த விளக்குகிட்ட போங்க. இல்ல இல்ல, இடது பக்கம். இப்ப ஸ்பேஸ் பாரை அழுத்துங்க."

நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் கை என் தோளைத் தாண்டி வந்து அழுத்திவிட்டது. கதவு திறந்தது. "சூப்பர்ல?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலைக்குள் அந்த லேபில் இருந்த ஒன்பது குழுக்களில் ஏழில் இதையே பார்த்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதைச் செய்தேன், அதற்குக் கொடுத்த விலை எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், சின்னதாகத் தொடங்குங்கள், பாட்டுக்கும் படத்துக்கும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த என்ஜின் என்று மாதக்கணக்கில் விவாதிப்பது

என்ஜின் என்பது கேம் செய்ய உதவும் மென்பொருள். யூனிட்டியோ கோடோவோ, ஒன்றை எடுத்து ஒரு கேமை முடியுங்கள். அப்புறம் பேசலாம்.

ஆடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது

நானும் என் தோழியும் சேர்ந்து செய்த முதல் கேம் ஒரு கிராமத்து ஏரியைப் பற்றியது. நீங்கள்தான் நீர்க்கட்டி, அதாவது ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுத் திறந்துவிடுகிறவர். எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்ய வேண்டும். தோழியின் தாத்தா அந்த வேலையைச் செய்தவர். அவர் சொன்ன கணக்குகளை வைத்துத்தான் ஒவ்வொரு லெவலையும் கட்டினோம். பதினான்கு மாதம் உழைத்தோம், சேமிப்பிலிருந்து ஏறக்குறைய நாலு லட்சம் போட்டோம்.

மடைப் பலகையைத் தூக்க ஒரு பட்டனை இரண்டு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தட்டினால் ஒன்றும் ஆகாது. பலகை கனமானது என்பது கையில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அப்படி வைத்தோம். வெளியிடுவதற்கு முன்னால் 31 பேரை ஆட வைத்துப் பார்த்தோம். உறவுக்காரர்கள், நண்பர்களின் நண்பர்கள், பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட வருகிறவர்கள் என்று யாரையும் விடவில்லை. ஒவ்வொருவரும் மடைக்குப் பக்கத்தில் வந்து பட்டனைத் தட்டினார்கள். நான் உடனே "அழுத்திப் பிடிங்க" என்றேன். பிடித்தார்கள். பலகை எழுந்தது, தண்ணீர் பாய்ந்தது, முகம் மலர்ந்தது. நோட்டில் "நல்லா போகுது" என்று எழுதிக்கொண்டேன். 31 தடவை அதே இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைகள் கேமுக்குள் இல்லை, என் வாயில்தான் இருக்கின்றன என்று ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

கேம்களை ஆன்லைனில் விற்கும் ஸ்டீம் கடையில் எங்கள் கேம் வந்தது. அங்கே வாங்கி 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நியாயமான விதிதான். முதல் வாரத்திலேயே வாங்கியவர்களில் பெரும்பகுதி திருப்பிக் கேட்டுவிட்டது. ஏன் என்று புரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு பையன் எங்கள் கேமை ஆடிப் பதிவேற்றிய வீடியோ கண்ணில் பட்டது. மடைக்கு வந்தான். தட்டினான். திரும்பத் தட்டினான். வேறு பட்டன்களைத் தட்டினான். ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி தட்டினான். நாலு நிமிடம். அப்புறம் "பக் போல இருக்கு" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மூடினான். நான் ஸ்கிரீனைப் பார்த்து "அழுத்திப் பிடிடா தம்பி" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி செய்ய அரை நாள்தான் ஆனது. பட்டனைத் தட்டினால் பலகை ஒரு விரல்கடை உயர்ந்து, தொப்பென்று மறுபடி விழும்படி மாற்றினோம். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் அடுத்த தடவை பிடித்துக்கொண்டார்கள். ஒரு எழுத்துகூடத் தேவைப்படவில்லை. ஆனால் போனவர்கள் திரும்பி வரவில்லை. தோழி அந்த வருடக் கடைசியில் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் லெவலை எடுத்துப் பாருங்கள். "இப்படிச் செய்" என்று ஸ்கிரீனில் ஒரு வரிகூட வராது. மரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது, அதனால் கை தானாக வலது பக்கம் போகிறது. முதல் எதிரி நேராக நடந்து வருகிறது. இடித்தால் செத்துப்போய் மறுபடி முதலிலிருந்து. போனது சில நொடிதான், அடுத்த தடவை தாண்டுகிறோம். மேலே இருக்கும் கட்டையைத் தலையால் முட்டினால் காளான் ஒன்று வெளியே வந்து வலது பக்கம் ஓடும், குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வரும். பயந்து தாண்டப் பார்த்தால் மேலே செங்கல் தலையில் இடித்து, பெரும்பாலும் காளான் மேலேயே விழ நேரிடும். மரியோ பெரியவனாகிறான். ஓ, இது நல்லது என்று நாமே தெரிந்துகொள்கிறோம். அதை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோ இந்த அடுக்கை ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறார். அவரால் ஒவ்வொரு வீட்டு டிவிக்கும் பக்கத்தில் போய் உட்கார முடியாது இல்லையா? அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் லெவலுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

1998இல் ஹாஃப் லைஃப் என்ற கேமைச் செய்த வால்வ் குழுவும் இதைக் கண்டிப்பான விதியாகவே வைத்திருந்தது. வெளியாள் ஒருவர் இரண்டு மணி நேரம் ஆடுவார். அந்த லெவலைக் கட்டியவர் அவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கேமைத் தொடங்கிக் கொடுக்கலாம், கேம் உறைந்து நின்றால் மறுபடி ஓட விடலாம். மற்றபடி வாயைத் திறக்கக் கூடாது. குறிப்பு மட்டும் எழுதலாம். "இது யாருக்கும் புரியுமே" என்று தான் நினைத்த ஓரிடத்தில் ஒரு மனிதர் இருபது நிமிடம் முட்டி மோதுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் குழுவிலிருந்த கென் பேர்ட்வெல் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த வலியை நானும் அறிவேன். அதைத் தாங்க முடியாமல்தான் நம் வாய் திறக்கிறது. உதவி செய்வதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம் சங்கடத்துக்குத்தான் மருந்து போடுகிறோம்.

இப்போது நான் செய்வது இதுதான். ஆடுகிறவருக்குப் பின்னால் சற்றுச் சாய்வாக, அவர் கை தெரிகிற மாதிரி உட்காருவேன். வாய் சொல்வதைவிடக் கை செய்வதை எழுதுவேன்: "2:10 மூன்று தடவை தட்டினார், 2:40 திரும்பிப் போனார்." "இப்ப என்ன செய்யணும்?" என்று என்னைக் கேட்டால், "நான் இங்க இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்பேன். முடிந்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்பதில்லை. நம் முகத்தைப் பார்த்து யாரும் நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "என்ன நடந்துச்சு, எனக்குக் கதையா சொல்லுங்க" என்பேன். மடையைக் கதவு என்று சொன்னால், என் மடை மடையாகத் தெரியவில்லை என்று பொருள். இன்னொன்று: ஒருவரிடம் முதல் பார்வை ஒரு தடவைதான் கிடைக்கும். வாயைத் திறந்தால் அந்த ஆள் செலவாகிவிட்டார், அடுத்த ஆளைத் தேட வேண்டியதுதான்.

அந்தக் கேமுக்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு என் வேலையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒன்பது படியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன், எனக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. பழைய பழக்கமாக இருந்தால் பக்கத்தில் நின்று வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பேன். அன்று குறிப்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டாள். நான் எழுதியிருந்த ஃபோல்டர் என் மெஷினில் மட்டும்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பேசியிருந்தால் அது அன்று தெரிந்திருக்காது. நான் போன பிறகு, ஏதோ ஒரு ராத்திரி, அவள் தனியாக மாட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். அம்மா போனில் காஸ் சிலிண்டர் புக் பண்ணத் தடுமாறும்போதெல்லாம் கையிலிருந்து போனை வாங்கி நானே அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக. ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு நிமிடம் ஆனது. ஒரு தடவை தவறான இடத்துக்குப் போய், பின்னால் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் முடித்துவிட்டார். அதற்கப்புறம் இதற்காக என்னைக் கூப்பிடவே இல்லை.

நமக்கு எளிது என்பதை வைத்துக் கஷ்டத்தை அளப்பது

உங்கள் லெவலை நீங்கள் ஆயிரம் தடவை ஆடியிருப்பீர்கள். உங்கள் விரலுக்கு அது பழகிவிட்டது, அதனால் சப்பென்று தெரியும், இன்னும் கஷ்டமாக்குவீர்கள். புதிதாக வருகிறவருக்கு அது சுவர்.

தாவுகிற கேம்களில் ஒரு பழைய உத்தி உண்டு. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில ஃப்ரேம்கள் வரை தாவும் பட்டனை ஏற்றுக்கொள்வார்கள். ஃப்ரேம் என்பது ஸ்கிரீனில் அடுத்தடுத்து மாறும் படங்களில் ஒன்று. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஆறு ஃப்ரேம் என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, தான் சரியாகத் தாவியதாகத்தான் நினைப்பார். 2018இல் வந்த செலஸ்ட் கடினமான கேம் என்று பேர் வாங்கியது, அதிலும் இந்தச் சலுகை இருக்கிறது. அதனால்தான் நூறு தடவை செத்தாலும் கேமின் மேல் கோபம் வருவதில்லை.

குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு இரண்டு நாள் ஆகும் வேலை என்பதால் புதுப் பையனுக்கும் இரண்டு நாள் என்று எழுதாதீர்கள். அந்த ஆறு ஃப்ரேமை அவனுக்கும் கொடுங்கள்.

நல்லதைக் கடைசிக்கு என்று பதுக்கி வைப்பது

பெரிய கேம்களில் கிடைக்கும் மருந்துக் குப்பிகளைக் கடைசி எதிரிக்கு என்று சேர்த்து வைப்போம். கடைசி எதிரியும் செத்துப் பார்த்தால் பையில் நாற்பது குப்பி அப்படியே இருக்கும். ஐடியாக்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். "இது நல்ல ஐடியாக்கா, பெரிய கேமுக்கு வெச்சிருக்கேன்" என்று ஜாமில் மூன்று பேர் சொன்னார்கள். செலஸ்ட் கூட 2015இல் நாலு நாளில் செய்த சின்னக் கேமாகத்தான் தொடங்கியது. இருப்பதில் நல்லதை இப்போதே போடுங்கள்.

நீளத்துக்கும் இது பொருந்தும். 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா கேம், டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்தது. ஒரு மாலையில் முடித்துவிடலாம். அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டில் விட்டுப்போன இடங்களை நாமே சமைத்துப் பார்த்து நிரப்ப வேண்டும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. பத்து மணி நேரத்துக்கு இழுத்திருந்தால் அந்த நோட்டு அப்படி மனதில் நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

தூங்காமல் வேலை செய்வது

தூங்குங்கள். ராத்திரி மூன்று மணிக்கு எழுதிய நிரலைக் காலை ஒன்பது மணிக்கு நீங்களே அழிப்பீர்கள்.

ஞாயிறு மதியம்வரை யாருக்கும் காட்டாமல் இருப்பது

அந்தச் சிவந்த கண் பையனை அன்று வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து இதையெல்லாம் சொன்னேன். திரும்பி வந்து பக்கத்துக் குழுப் பெண் ஒருத்தியை ஆட உட்கார வைத்தான். அவள் விளக்கைத் திரும்பியே பார்க்கவில்லை. பார்க்க எந்தக் காரணமும் அந்த அறையில் இல்லை. ஐந்து நிமிடம் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் நோட்டில் "விளக்கு அசையணும்" என்று எழுதினான். மணி நாலரை, கேமைக் கொடுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். விளக்கு லேசாக ஆடும்படி செய்ய மட்டும் நேரம் இருந்தது. மற்ற நாலு அறைகளைத் தொட முடியவில்லை.

அடுத்த ஜாம் டிசம்பரில். சனிக்கிழமை காலை பத்து மணிக்கே, படம் எதுவும் வரையாத வெறும் சதுரங்களோடு, டீ கொண்டுவருகிற அண்ணனை உட்கார வைக்கப் போவதாக நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தான். "கையை பாக்கெட்ல விட்டுக்கறேன்க்கா" என்று கீழே எழுதியிருந்தான்.