வீட்டைச் சுற்றித் தேனீ, குளவி, கதண்டு கூடு கட்டினால் என்ன செய்வது?

நெல் அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பூக்க ஆரம்பித்ததிலிருந்து எள் பூத்து முடியும் வரைக்கும் டெல்டாவில் பூச்சிகளுக்கு நல்ல தீனிக் காலம். சன்ஷேடுக்குக் கீழே, மோட்டார் கொட்டகையில், கொல்லைத் தென்னையில், சிங்கப்பூரில் இருப்பவர்கள் பூட்டிப் போட்ட வீட்டு வென்டிலேட்டரில் என்று எங்காவது ஒரு கூடு கண்ணில் படும். பட்டதும் நீளக் கழியில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் நனைத்து, பந்தம் கொளுத்திவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூரையும் வைக்கோல் போரும் பக்கத்தில் இருக்கும் ஊரில் அது பூச்சியைவிடப் பெரிய ஆபத்து. அதோடு, நாம் எரிக்கிற கூடுகளில் பலவற்றைத் தொடவே தேவையில்லை.

படி 1: கூட்டில் இருப்பது யார் என்று பாருங்கள்

கிட்டே போக வேண்டாம். இருபது முப்பது அடி தள்ளி நின்று மொபைல் கேமராவில் ஜூம் செய்து ஒரு படம் எடுத்தால் போதும், கூட்டின் அமைப்பே ஆளைச் சொல்லிவிடும்.

சுவரிலோ நிலைப்படியிலோ சேற்று மண்ணால் பூசிய கூடு என்றால் அது மண்குளவி. தனியாக வாழ்வது, கூட்டைக் காக்கக் கூட்டமாக வந்து கொட்டாது. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கிக் கொண்டுவந்து தன் குஞ்சுக்கு உள்ளே அடைத்து வைக்கும். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று சொல்லிப் பாட்டிமார் இடிக்க விடமாட்டார்கள், விட்டுவிடுவதும் நல்லதுதான்.

தாமரைப் பொகுட்டைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி, சாம்பல் நிறத்தில், கண்ணறைகள் வெளியே தெரிய ஒரு காம்பில் தொங்கினால் அது செங்குளவி வகை. கூட்டை அசைத்தால் கொட்டும், அதுவும் திரும்பத் திரும்பக் கொட்டும்.

கதண்டுதான் நாம் நிஜமாகவே பயப்பட வேண்டியது. கறுத்த பெரிய உடம்பு, வயிற்றில் மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு பட்டை. கூட்டின் கண்ணறைகள் வெளியே தெரியாது, மேலே காகிதம் போன்ற ஓடு மூடியிருக்கும், போய்வர ஒரு வாசல் இருக்கும். பனை, தென்னை, மூங்கில் குத்து, வாய்க்கால் ஓரப் புதர், சில நேரம் தரைப் பொந்து என்று எங்கும் கட்டும். நூறு நாள் வேலையில் புதர் வெட்டுகிறவர்களும் மரம் ஏறுகிறவர்களும் மாட்டிக்கொள்வது இதனால்தான். மரம் ஏற ஆள் கூப்பிட்டால், அவர் ஏறுவதற்கு முன் கீழே நின்று மட்டைகளுக்கு நடுவே நன்றாகப் பார்த்துச் சொல்வது வீட்டுக்காரர் பொறுப்பு.

தேனீயில் நம் பக்கம் நாலு வகை பார்க்கலாம். சுவர் ஓட்டையில் சின்ன மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டு கொசு அளவில் போய்வருவது கொசுத்தேனீ, அதற்குக் கொடுக்கே கிடையாது. செடியில் உள்ளங்கை அளவு ஒற்றை அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப் பொந்து, சுவர் இடுக்கு, காலிப் பெட்டிக்குள் அடுக்கடுக்காக அடை வைப்பது பொந்துத்தேனீ, பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் ஆலமரத்திலும் கோபுரத்திலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. இதைச் சீண்டினால் நூற்றுக்கணக்கில் துரத்தும்.

அடையே இல்லாமல் வெறும் தேனீக் கூட்டம் கிளையில் கொத்தாகத் தொங்குகிறதா? அது புது வீடு தேடிக் கிளம்பிய கூட்டம். காப்பதற்குக் குஞ்சும் தேனும் இல்லாததால் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். ஓரிரு நாளில் தானே போய்விடும், பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டால் சரி.

படி 2: எடுக்கத்தான் வேண்டுமா?

ஆள் நடமாட்டம் இல்லாத இடமா, உயரத்தில் இருக்கிறதா, கொட்டாத வகையா? அப்படியானால் விட்டுவிடுங்கள். குளவி நம் தோட்டத்துப் புழுக்களைத் தின்கிறது, எள்ளிலும் பூசணியிலும் காய் பிடிப்பதில் தேனீக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வாசல், குழந்தை விளையாடும் இடம், மாட்டுக் கொட்டகை, மோட்டார் சுவிட்ச் இங்கெல்லாம் கொட்டும் வகை இருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: நீங்களே செய்யக்கூடியவை

இரண்டுதான். ஒன்று மண்கூடு. அதில் ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சு வெளியேறியிருக்கும், பட்டி பூசும் தகட்டால் சுரண்டி எடுத்துவிடலாம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் என்றால் மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, உள்ளங்கையைவிடச் சிறிய செங்குளவிக் கூடு, அதுவும் தரையில் நின்றபடி எட்டும் உயரத்தில். ஏணியில் நின்று இந்த வேலையைச் செய்யவே கூடாது, கொட்டினால் கை தானாக விட்டுவிடும். முன்பு எப்போதாவது கொட்டி உடம்பெல்லாம் தடித்தவர், மூச்சுத் திணறியவர் இதில் இறங்க வேண்டாம்.

நன்றாக இருட்டியதும் எல்லாம் கூட்டில் அடங்கிவிடும். முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட், கையுறை, கண்ணாடி, தலையையும் முகத்தையும் மூடிய துண்டு, இவ்வளவும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் மூன்று நாலு ஸ்பூன் கலந்து ஸ்பிரேயரில் ஊற்றிக்கொள்ளுங்கள். பூச்சியின் உடம்பில் இருக்கும் மூச்சுத் துளைகளை இந்தச் சோப்புத் தண்ணீர் அடைத்துவிடும், வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் கொண்டுவரத் தேவையில்லை. டார்ச்சை உங்கள் கையில் வைத்திருந்தால் வெளிச்சத்தை நோக்கி உங்களிடமே வரும், அதனால் சிவப்புக் காகிதம் சுற்றித் தள்ளி ஓரிடத்தில் வையுங்கள். ஓடி நுழைய வேண்டிய கதவைத் திறந்து வைத்துவிட்டு, கூடு முழுக்க நனையும்படி விடாமல் அடித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். மறுநாள் காலையில் பூச்சி நடமாட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கழியால் தட்டி எடுத்து, காம்பு ஒட்டியிருந்த இடத்தையும் சுரண்டுங்கள்.

படி 4: மற்றதெல்லாம் ஆளைக் கூப்பிட்டுத்தான்

கதண்டு, மலைத்தேனீ, பெரிய செங்குளவிக் கூடு என்றால் தீயணைப்பு மீட்புத் துறைக்கு 101 அல்லது 112 எண்ணில் சொல்லுங்கள். என்ன பூச்சி, எவ்வளவு உயரம், பக்கத்தில் மின்கம்பியோ கூரையோ இருக்கிறதா என்பதையும் சேர்த்தே சொன்னால் அதற்கேற்ற தயாரிப்போடு வருவார்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வேலை நடக்கும். அதுவரை அந்தப் பக்கம் மாடு கட்டாதீர்கள், குப்பை கொளுத்திப் புகை போடாதீர்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள். முக்கியமாக வெடி. சாவு ஊர்வலத்திலும் திருவிழாவிலும் போடும் வெடியும் புகையும் மலைத்தேனீயைக் கிளப்பிவிடும், வந்திருக்கும் மொத்த ஜனமும் கொட்டு வாங்கும்.

பொந்துத்தேனீயைக் கொல்லாதீர்கள். திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்திலும் நாகை மாவட்டம் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, அங்கேயோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ தேனீ வளர்ப்பவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். அடையோடு எடுத்துப் பெட்டிக்கு மாற்றிவிட அவர்களுக்குத் தெரியும். உயிரோடு இருக்கும் கூட்டின் வாசலைச் சிமென்ட் வைத்து அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வேறு இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளேயே வரும், உள்ளே செத்தால் தேன் ஒழுகி எறும்பும் நாற்றமும்தான் மிச்சம்.

படி 5: துரத்தினால்

கையை வீசாதீர்கள், நசுக்காதீர்கள். தேனீ கொட்டும்போது வெளிவரும் வாசனை மற்றதையும் அதே இடத்துக்கு அழைக்கும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேராக ஓடி, வீடோ காரோ கண்ணில் பட்டதில் நுழைந்து கதவைச் சாத்துங்கள். வாய்க்காலில் குதிக்க வேண்டாம், தலையை வெளியே எடுக்கும் வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 6: கொட்டிவிட்டால்

தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே தங்கி, சிறிது நேரம் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகமோ கத்தியின் முனையோ, எதனால் எடுப்பது என்று யோசிக்காமல் உடனே எடுத்துவிடுங்கள், வேகம்தான் முக்கியம். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் கட்டி வைத்து ஒற்றுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம்.

உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெல்லாம் தடிப்பது, வாந்தி, தலைச்சுற்றல், இதில் எது வந்தாலும் 108. காப்பாற்றும் மருந்து அட்ரினலின் ஊசி, வீட்டு வைத்தியத்தில் அது கிடையாது. வாயிலோ தொண்டையிலோ கொட்டினால் ஒரு கொட்டாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். கதண்டோ மலைத்தேனீயோ பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே கூட்டிப்போங்கள், பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் யோசிக்கவே வேண்டாம். நிறைய விஷம் ஏறினால் ஓரிரு நாள் கழித்துக்கூடச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீர் குறைந்தாலோ கறுத்துப் போனாலோ காத்திருக்காமல் தஞ்சை, திருவாரூர், நாகை என்று பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 7: திரும்ப வராமலிருக்க

காலியான பொந்தில் பழைய அடையைத் துளி விடாமல் எடுத்துக் கழுவி, காய்ந்த பிறகு பூசி அடையுங்கள். மெழுகு வாசனை இருந்தால் அடுத்த கூட்டம் அங்கேயே வரும். வென்டிலேட்டருக்கும் தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய்க்கும் கொசுவலை கட்டுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் சாவி வைத்திருப்பவரிடம் மாதம் ஒருமுறை சுற்றிப் பார்த்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள், கூடு சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.